அந்த மிஷினை மட்டும் வாங்காதீங்க

"இதையே பேக் பண்ணிடுங்க" என்று விற்பனைக்காரரிடம் அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம்...

"அந்த மிஷினை மட்டும் வாங்காதீங்க."

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். வெடுக்கென்று திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன் நின்றிருந்தான். தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீலத் துண்டில் எதையோ சுற்றி, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தான். துண்டு விலகிய இடத்தில் எட்டிப் பார்த்தது... அதே எஸ்பிரெஸோ காபி மிஷின். அதே வெள்ளிப் பளபளப்பு. கடிகாரம் போல அழுத்தம் காட்டும் அதே பெரிய முள்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை வாரமாய் இந்தக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்திருப்பாள்! கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. "இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?" என்று வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு ஊரையே முடிவெடுக்க வைப்பவள், தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க இத்தனை நாள் தவித்திருக்கிறாள். கையில் இருப்பது கூடுதல் நேரம் வேலை பார்த்துச் சேர்த்த கொஞ்சம் பணம். ஒருமுறை தப்பாக வாங்கினால் வாங்கியதுதான். கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தால், எவனோ ஒருவன்...

"நான் உங்களைக் கேட்டேனா?"

"கேக்கல. ஆனா இதே மிஷினை வாங்கிட்டு நான் படுற பாடு உங்களுக்கு வேண்டாமேன்னு..."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். அகலமான கண்கள். ஓரமெல்லாம் செக்கச்செவேலென்று சிவந்து, நனைந்த இமைகளுக்கு நடுவே மினுமினுத்தன. அவளுக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"ஒரு மிஷினுக்காகவா இப்படி அழுதீங்க?"

விற்பனைக்காரர் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார். அவன் மறைக்கவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டான்.

"குளோரின்ங்க. நான் நீச்சல் வாத்தியார்."

அவமானமா, கோபமா... எதுவென்று தெரியாத ஒன்று காதுமடல் வரை சுட்டது. வாங்காமலேயே வெளியே வந்துவிட்டாள். வெளியே மழை. ஓட முடியாது, உள்ளே திரும்பவும் முடியாது. கூரையின் ஓரத்தில் ஒடுங்கி நின்றாள். சற்று நேரத்தில் அவனும் வந்து பக்கத்தில் நின்றான். கையில் இப்போது வெறும் துண்டு.

"வாரண்டியில எடுத்துக்கிட்டாங்க" என்றான், அவள் கேட்காமலே. "அந்தக் கைப்பிடிக்குள்ள தூள் போடற கூடையில வெளிப்பக்கம் ஒரே ஒரு ஊசி ஓட்டைதாங்க. எந்தத் தூளைப் போட்டாலும் பீச்சியடிச்சு நுரையாக்கிடும். பாக்க ரொம்ப அழகா இருக்கும். குடிச்சா... பாத்திரம் கழுவின தண்ணி."

அவள் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில இருக்கற பணத்தை ரெண்டாப் பிரிங்க. பாதிக்குச் சின்னதா, கெட்டியா ஒரு மிஷின். மீதிக்குக் காபிக்கொட்டையை அரைக்க ஒரு நல்ல கருவி. அரைப்பு சரியில்லன்னா எந்த மிஷினும் சரியில்ல. மொத்தத்தையும் மிஷின்லயே கொட்டினா, யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத கதைதான்."

"அதுக்கும் நீங்கதான் அழுதிருப்பீங்க போல" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பழைய மிஷினைப் பிரிச்சுச் சரிபண்ணி விக்கற கடை ஒண்ணு, நீச்சல்குளத்துக்கு எதிர்லயே இருக்கு. போட்டுக் குடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். நாளைக்கு சாயங்காலம் வாங்களேன்..."

"எனக்கு வேற வேலை இருக்கு."

மழை விடவில்லை. ஆனாலும் நனைந்துகொண்டே நடந்தாள்.

வீட்டில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். அப்பா, அம்மா போன பிறகு அவளை வளர்த்தது அக்காதான். ஆகவே அடுக்களை அக்காவுடையது, அலமாரி அக்காவுடையது, அவள் கல்யாணக் கவலையும் அக்காவுடையதே.

"குட்டி, ஞாயித்துக்கிழமை அவங்களை வரச் சொல்லட்டுமா? மாமா கேட்டுக்கிட்டே இருக்காரு. பையன் பாலத்துக்கெல்லாம் வரைபடம் போடறவரு. நிதானமானவரு. ஒரு குறை சொல்ல முடியாது."

ஒரு குறை சொல்ல முடியாததுதான் அவளுக்குக் குறையாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

"யோசிக்கிறேன்க்கா... அக்கா, நான் வாங்கற மிஷினுக்கு அடுப்பு மேடையில கொஞ்சம் இடம் குடுப்பியா?"

"கல்யாணமாகிப் போகப் போறவளுக்கு இங்க எதுக்குடி மிஷின்? போற இடத்துல வாங்கிக்கோ."

போற இடம்... அந்தச் சொல் அவளை உட்கார விடவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். துணியை மடித்தாள், கலைத்தாள். கண்ணை மூடினால் சிவந்த இரண்டு கண்கள். அடச்சே... இதென்ன வம்பு!

மறுநாள் மாலை கால்கள் தாமாக நீச்சல்குளத்தின் எதிர்ப்பக்கம் திரும்பின.

சின்னக் கடை. திருகுகள், ரப்பர் வளையங்கள், திறந்த வயிற்றோடு மிஷின்கள். நடுவே, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவன் ஏற்கெனவே அங்கே இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது.

"வேற வேலை இருக்குன்னீங்க?"

"இதுதான் அந்த வேற வேலை."

அம்மாள் ஒரு சின்ன மிஷினை முன்னால் நகர்த்தினார். பளபளப்பு இல்லை, முள் இல்லை. தூக்கிப் பார்த்தால் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி கனத்தது. அவள் கையால் சுற்றும் கருவியில் கொட்டையை அரைத்தாள். அவன் கைப்பிடியை மாட்டினான். முதல் வாய்... முகம் எட்டுக் கோணலாகியது.

"புளி!"

"தூள் பெருசு. இன்னும் நைசா அரைங்க" என்றான்.

அடுத்தது சொட்டுச் சொட்டாக இறங்கியது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு.

"இதைக் குடிச்சா பேய் கூட ஓடிடும்."

"நீங்க இன்னும் இங்கதானே நிக்கறீங்க?"

"அப்ப நான் என்ன பேயை விடப் பெரிய..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் சிரித்தாள். அவனும் சிரித்தான். கண்கள் ஒரு விநாடி முட்டிக்கொண்டு, உடனே இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஓடின.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். இந்த மிஷின், அந்த மிஷின், திரும்பவும் முதல் மிஷின். "இன்னும் லேசா புளிக்குதுல்ல?" என்பான். "ஆமா, லேசா..." என்பாள். பகலில் வேலையில் கவனம் நிற்கவில்லை. ஒருவருக்கு இடக் கண்ணுக்குப் பதில் வலக் கண்ணையே இரண்டு தடவை பரிசோதித்தாள். கடிகாரம் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று மாலை வரை சந்தேகம்.

ஒருநாள் கடை வாசலில் செருப்பை விடும்போது உள்ளேயிருந்து அம்மாளின் குரல் கேட்டது.

"டேய் தவளை! அம்மாவால எட்ட முடியலடா, அந்த டப்பாவை எடுத்துக் குடு."

அம்மாவா?

வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் டப்பாவோடு திரும்பி அவளைப் பார்த்தான். முகம் மாறியது.

"இவங்க... உங்க அம்மாவா?"

"ஆமா. நானே சொல்லணும்னுதான்..."

"எப்போ? நான் காசு கட்டின பிறகா?" என்றாள். "மழைக்கு ஒதுங்கற இடத்துல ஆள் பிடிச்சு, உங்க வீட்டுக் கடைக்கே கூட்டிட்டு வர்றீங்க. நல்ல வியாபாரம்! எனக்கு முன்னாடி எத்தனை பேரு?"

அவன் டப்பாவை மேசையில் வைத்தான். அவளைத் தாண்டி, மழையில் இறங்கி, குளத்தை நோக்கிப் போய்விட்டான். அவன் திருப்பித் திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்...

அன்றே அக்காவிடம் சொன்னாள்: "வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பாலத்துக்கு வரைபடம் போடுகிறவர் உண்மையிலேயே நல்லவராக இருந்தார். அவள் பேசுவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். என்ன பிடிக்கும் என்று கேட்டார். வேறெதுவும் தோன்றாமல், "எஸ்பிரெஸோ மிஷின் ஒண்ணு வாங்கலாம்னு..." என்றாள்.

"அதுக்கென்ன, பெருசாவே வாங்கிடலாம்! ஒரு பட்டனைத் தட்டினா போதும், அதுவே அரைச்சு, அதுவே ஊத்திடும். நீங்க கையே வைக்க வேண்டாம்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால்... கையே வைக்க வேண்டாமா? கை வைக்கத்தானே அவள் இத்தனை நாள் அலைந்தாள்! புளித்தாலும் கசந்தாலும், தானே அரைத்து, தானே கெடுத்து, பக்கத்தில் ஒருவன் "இன்னும் நைசா..." என்று சொல்ல...

அவர்கள் போனதும் அடுக்களையில் அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, வேண்டாம்க்கா."

"என்னடி குறை?"

"அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல. நான் ஒருத்தரைத் திட்டிட்டு வந்துட்டேன்க்கா. அது என்னைச் சாப்பிட விடல, உக்கார விடல..."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். தங்கையின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"என்னைத் தினமும் திட்டறியே, என்னைக்காவது சாப்பிடாம இருந்திருக்கியா?" பெருமூச்சு விட்டாள். "மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன். கத்துவாரு. கத்தட்டும். ஆனா அந்த ஆளு யாருன்னு முதல்ல எனக்குத்தான் தெரியணும், ஆமா."

மறுநாள் வேலை முடிந்ததும் கடைக்குப் போனாள். அவன் இல்லை. அம்மாள் மட்டும் இருந்தார்.

"அக்கா, அந்தச் சின்ன மிஷினும் கை அரைப்பானும் எனக்கு வேணும். இன்னைக்கே."

"வா" என்று அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "எனக்கு வருமானம் பாக்கத்தான் அவன் உன்னைக் கூட்டிட்டு வந்தான்னு சொன்னியே? நீ வந்து போன நாளெல்லாம் இங்க ஒரு மிஷின் விக்கல. என் காபிக்கொட்டையும் பாலும்தான் காலி. அவனும் நான் வேண்டாம்னு சொன்ன மிஷினை ரோஷத்துல வாங்கினவன்தான். கெட்டுப் போச்சுன்னு வந்தான். நீயே கொண்டுபோய்த் திருப்பிக் குடுன்னு விரட்டிட்டேன். அன்னைக்குத்தான் உன்னைப் பாத்திருக்கான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிடுங்கக்கா."

"அக்காவா? நான் உனக்கு அக்கான்னா, நீ அவனுக்குச் சித்தி ஆகணும். யோசிச்சுக் கூப்பிடும்மா."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அம்மாள் குலுங்கிச் சிரித்தார். "பணத்தை வச்சிட்டுப் போ, நான் கட்டி வைக்கிறேன். எதிர்லதான் இருக்கான். வீட்டுல கால் தரையில நிக்கல அவனுக்கு, கூண்டுல போட்ட மாதிரி உலாத்தறான். எனக்கே தலை சுத்துது."

திறந்தவெளிக் குளம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நீலத் தண்ணீர் முழுக்கக் கோடி வட்டங்கள் பிறந்து, ஒன்றோடொன்று கலந்து, காணாமல் போயின.

"ஏம்மா, செருப்பு!" என்று காவலாளி கத்தினார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு விளிம்புக்கு ஓடினாள்.

அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். அவனுடைய உள்ளங்கைகளின் மேல், விறைத்த கட்டையாக மல்லாந்திருந்தார் ஒரு பருமனான வங்கி மேனேஜர்.

"கழுத்தை விடுங்க சார்... மூச்சை மெதுவா..." என்றவன் அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"உங்ககிட்டப் பேசணும்" என்றாள்.

"வகுப்பு நடக்குது."

"காத்திருந்தா தைரியம் போயிடும்."

"நீ பேசும்மா" என்றார் மேனேஜர், வானத்தைப் பார்த்தபடியே. "நான் காதைத் தண்ணிக்குள்ள வச்சுக்கறேன்."

"நான் தப்பாப் பேசிட்டேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம..."

"முழுத் தப்பும் உங்களுது இல்ல." அவன் குரல் இறங்கியிருந்தது. "அம்மா கடைன்னு சொன்னா வியாபாரம்னு நெனச்சு வர மாட்டீங்களோன்னு பயந்தேன். வந்த பிறகு வேற பயம் வந்துடுச்சு."

"என்ன பயம்?"

"எங்கே வாங்கிடுவீங்களோன்னு. வாங்கிட்டா நாளைக்கு வர மாட்டீங்களே..." ஒரு கையை எடுத்து முகத்து நீரை வழித்தான். "ரெண்டாவது நாளே எல்லாம் சரியாத்தாங்க இருந்தது. புளிக்குதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

தூறல் வலுத்தது. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"எனக்கும் புளிக்கல" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சிவந்த கண்களில் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறுவதை, எந்தக் கருவியும் இல்லாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய இன்னொரு கையும் எப்போதோ தண்ணீரை விட்டு மேலே வந்திருந்தது.

"சார்..." என்று தூரத்திலிருந்து ஒரு குரல். "கையை எடுத்துட்டீங்களா? நான் மிதக்கறேன் சார்! மிதக்கறேன்!"

மேனேஜர் குளத்தின் நடுப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார். "அப்படியே இருங்க சார், பிரமாதம்!" என்று கத்திவிட்டு, அவர் மேல் ஒரு கண் வைத்தபடியே அவன் விளிம்புக்கு வந்தான். அவள் ஈரக் கல்லில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீருக்குள் விட்டாள். இத்தனை நாளில் முதல்முறையாக எழுந்து எங்கேயும் போகத் தோன்றவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு..." என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"எது... அந்தச் சின்ன மிஷினா?"

"மிஷினை வாங்கியாச்சு" என்றாள் அவள், நிமிர்ந்து அவன் கண்களையே பார்த்து. "நான் உங்களைச் சொன்னேன்."