ஏழாவது குழாய்

ஆறு வீடுகளுக்கு ஏழு குழாய்கள் இருந்தன.

சகாயராஜ் சேம்பருக்குள் குனிந்து மறுபடியும் எண்ணினான். லைன் வீடுகளின் பின்சந்தில், வீட்டுக்கு ஒன்றாக முப்பது வருடத்துக்கு முன் புதைத்த மண் குழாய்கள் எல்லாம் இந்தச் செங்கல் தொட்டியில்தான் வந்து வாய் திறந்தன. மாதம் தவறாமல் அவை அடைத்துக்கொண்டு, எல்லார் வீட்டுக் கழிவையும் எல்லார் வீட்டுக்குள்ளும் திருப்பி அனுப்பின. பழையதைப் பிடுங்கிவிட்டு பி.வி.சி. பைப் போட்டுக் கொடுத்தால் கடைசி வீட்டில் இருந்துகொள்ளலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று வீட்டுக்காரர் சாமியப்பன் சொல்லியிருந்தார். மனைவி ஆஷா இவனை நம்பித் தேவகோட்டையை விட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளுடைய வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். தெற்கத்திக்காரன் என்றதுமே கதவைச் சாத்துகிற ஊரில், இந்த ஆறாம் நம்பரும் போனால் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

எது யார் வீட்டுக் குழாய் என்று கண்டுபிடிக்கத் திருப்பூரில் கஷ்டப்பட வேண்டியதில்லை. சாயப்பட்டறையில் கேட்டால் காகிதத்தில் மடித்து ஆளுக்கொரு சிட்டிகை சாயம் கொடுப்பார்கள். கம்பெனி லீவு என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். இவன் நம்பரைச் சொல்லிக் கத்த, அவரவர் பக்கெட்டில் கரைத்துக் கக்கூசில் ஊற்றினார்கள். முதல் வீட்டுக் குப்பாயியின் மஞ்சளில் தொடங்கி ஆஷாவின் பச்சை வரை ஆறு நிறமும் ஆறு குழாயில் ஒழுங்காக வந்து விழுந்தன. ஏழாவதில் நிறமே இல்லாத தண்ணீர் வந்தது.

ஒரு சொம்பு அளவு. சற்று இடைவெளி. பிறகு இன்னொரு சொம்பு. கையை நீட்டினான். தண்ணீர் வெதுவெதுப்பாக, மெல்லிய நுரையோடு இருந்தது. அந்த நாற்றக் குழிக்குள் சீயக்காய் வாசனை எழுந்தது. யாரோ தலைக்குக் குளிக்கிறார்கள்.

"யாரும் தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்தினான். ஆறு வீட்டிலிருந்தும் இல்லை என்றுதான் பதில் வந்தது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

அடைப்பெடுக்கிற கம்பியை ஏழாவது குழாய்க்குள் விட்டான். அது அவனுடைய வீட்டுத் தரைக்கு அடியில் போய், காம்பவுண்டுச் சுவரையும் தாண்டி, தடங்கலே இல்லாமல் முழு நீளமும் உள்ளே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். வேலிக்காத்தான் புதரையும் சாயத்தண்ணி ஓடுகிற பள்ளத்தையும் தவிர அங்கே எதுவும் இல்லை. கம்பியை வெளியே இழுத்தான். முப்பது வருடச் சாக்கடைக்குள் போய் வந்த கம்பியின் நுனி சுத்தமாக இருந்தது. யாரோ துடைத்து அனுப்பியிருந்தார்கள்.

சாமியப்பன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"அந்தக் காலத்துல எவனோ தப்பா வெச்சுட்டுப் போயிருப்பானப்பா. அடைச்சு உடு."

"உள்ள ஆள் பொழங்குற மாதிரி இருக்குங்கய்யா."

"ஆளா? வேலை ஓடலீன்னா ஓடலீன்னு சொல்லு. நான் வேற ஆளப் பாத்துக்கறேன். ஊட்டுக்கும் சேத்து."

குப்பாயி இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏனுங்க, பொழுது உழுகறதுக்குள்ள முடியுமுங்களா? முடியலீன்னா சொல்லிப்போடுங்க. நாங்கெல்லாம் உங்க ஊட்டு வாசல்லயே வந்து உக்காந்துக்கறோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். சகாயராஜ் சேம்பருக்குள் குனிந்தான். குழாய் வாயை அடைக்கப் பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைத் திணித்து மேலே சிமெண்டு பூசுவதுதான் இங்கே எல்லாரும் செய்கிற வேலை. வேஸ்ட் மூட்டை காலியாகியிருந்தது. அடியில் ஆஷாவின் கிழிந்த நைட்டி ஒன்று கிடந்தது. கைதுடைக்க ஆகும் என்று அவள்தான் காலையில் போட்டிருந்தாள். உடுத்திய துணியை இப்படி ஒரு இடத்தில் வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பின்னால் நின்ற கூட்டத்தை நினைத்துச் சுருட்டித் திணித்தான்.

எப்போதும் துணி முண்டும், கட்டை விரலால் குத்திக் குத்தித்தான் ஏற்ற வேண்டும். இது முண்டவில்லை. விரலிலிருந்து மெதுவாக வாங்கிக்கொள்ளப்பட்டது. கொஞ்சம் உள்ளே போய் அது இறுகிக்கொண்டது. தண்ணீர் நின்றது. அப்பாடா என்று அவசரமாகச் சிமெண்டைப் பூசினான்.

மத்தியானம் முழுக்க மற்ற ஆறு பழைய குழாய்களையும் உடைத்து எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினான். முதுகில் வெயில் சுட்டது. சேம்பரில் புது பைப்புகளின் வாயைப் பொருத்தக் குனிந்தபோது அந்தச் சிமெண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. துணியை முகத்தில் பொத்தி, மூச்சை நீளமாக உள்ளே இழுக்கிற சத்தம். ஒரு முறை. நிதானமாக, இன்னொரு முறை. பிறகு இல்லை. தன் மூச்சுதான் எதிரொலிக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பைப் ஒட்டுகிற சொலூஷன் தடவுவதை விடாமல் செய்தான்.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. மறுபடி சாயம் ஊற்றிச் சரி பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஒன்று. மஞ்சள் வந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் வந்தன.

"ஆறாம் நம்பர்!"

"ஊத்திட்டேன்."

ஆறாவது பைப் காய்ந்து கிடந்தது. காத்திருந்தான். ஏழாவதின் சிமெண்டு ஓரத்தில் ஒரு கோடு ஈரமானது. பச்சை.

"ஆஷா, எதுல ஊத்துன? இன்னொருக்கா ஊத்து."

"எங்கங்க ஊத்துறது? ஒரே இருட்டா இருக்கு."

அந்தக் குரல் வீட்டுப் பக்கமிருந்து வரவில்லை. அவன் முழங்காலுக்குக் கீழே இருந்து வந்தது.

ஓடினான். வாசல் கதவு திறந்திருந்தது. பாத்ரூம் கதவும் திறந்திருந்தது. பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. தரையில் ஈரக் கால் தடங்கள். உள்ளே போனவை மட்டும். திரும்பி வந்தவை இல்லை.

"ஆஷா எங்கங்க?" என்று வாசலில் நின்றவர்களிடம் கேட்டான்.

"வெளிய வரலீங்க," என்றாள் குப்பாயி. இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "நாங்க வாசல்லயேதானுங்க நிக்கறோம்."

திரும்பி ஓடிச் சேம்பருக்குள் குதித்தான்.

"ஏங்க." சிமெண்டுக்குப் பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள். "யாரோ தலை துவட்டி விடுறாங்க. வேணாங்குறேன். கேக்க மாட்டேங்குறாங்க."

உளி. சுத்தியல். பாதி காய்ந்த சிமெண்டு பெயர்ந்தது. நகம் பிய்ந்தது தெரியவில்லை. துணியைப் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்க வந்தது. அவன் வைத்ததைவிட நிறைய. எல்லாம் உடுத்திய துணி. யார் யாருடையதோ.

கடைசித் துணி கையோடு வந்தது. பிறகு ஒரு கை வந்தது.

நாலு அங்குல வாய்க்குள்ளிருந்து, மணிக்கட்டு வரை பச்சையாக. அவனுக்குத் தெரிந்த கை. காற்றில் துழாவி அவன் விரல்களைக் கண்டுபிடித்தது. சூடாக இருந்தது. இறுகப் பற்றிக்கொண்டது.

"விட்றாதீக," என்றாள் ஆஷா.

"விட மாட்டேன். விட மாட்டேன்டி."

இழுத்தான். அவளும் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய மணிக்கட்டுக்கு மேலாக, உள்ளிருந்து, இன்னொரு கை நீண்டு வந்தது. தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிய கை. அதற்கு அவசரமே இல்லை. சுண்டு விரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக, அவனுடைய பிடியிலிருந்து அவளைக் கழற்றத் தொடங்கியது.