நைனார் வீட்டு நீராவி எஞ்சின்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைனார் வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தபோது இளையபெருமாளின் கண்கள் எரிந்தன. செஞ்சியில் ஒரு கடலையெண்ணெய் மில்லில் அவன் ஃபிட்டர். இரவு ஷிப்டோடு காலை ஷிப்டும் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தான். பின்கட்டுக் கொட்டகையிலிருக்கும் எஞ்சினை எடுத்துப்போகும்படி லீலாவதி சொல்லியனுப்பியிருந்தாள். அவள் கணவர் புஷ்பதந்த நைனார் இறந்து நாற்பது நாளாகியிருந்தது.

முழங்கை நீளமுள்ள நீராவி எஞ்சின் அது. நண்பர்களான நைனாரும் இளையபெருமாளும் ஆறு வருஷமாகச் செய்தும் ஒருமுறைகூட ஓடவில்லை. பிஸ்டன் பாதியில் இறுகிக்கொள்ளும். நைனார் சமணர், ஒரு மாதிரியான ஆள். பாய்லருக்கு ஊற்றும் தண்ணீரையும் மூன்று தரம் வடிகட்டுவார், புழு பூச்சி வெந்துவிடக் கூடாதென்று. அரம் கீழே விழுந்தால் அதனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்வார். இந்த ஆறு வருஷத்தில் பெருமாளுக்கு மூன்று பிள்ளை பிறந்தாயிற்று, இது ஒரு மூச்சு விடவில்லையே என்று தானே சிரிப்பார்.

லீலாவதியின் கண்கள் குழி விழுந்திருந்தன. தினமும் மத்தியானம் கொட்டகையில் அரத்தால் ராவுகிற சத்தம் ஆரம்பிப்பதாகவும், அது விடிகிறவரை ஓயாததால் தான் தூங்கவே இல்லையென்றும் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போயிடுங்கண்ணா. முடியல."

கொட்டகையில் காய்ந்த எண்ணெய் வாடை. எஞ்சினுக்குள் இருந்த பிஸ்டன் கழற்றப்பட்டு வைஸின் இரும்புப் பிடியில் இறுக்கப்பட்டிருந்தது.

தொட்டான். சுட்டது.

சர்ர்க்... சர்ர்க்...

அரம் பலகைமேல் அசையாமல் கிடந்தது. பிஸ்டனிலிருந்து பித்தளைத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

அவன் ஓடாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போதும் நைனாரே," என்று முணுமுணுத்தான். "ரொம்ப அசதியா இருக்குது."

சத்தம் நின்றது. காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"இன்னும் ஒரு மயிரிழ இருக்குது, பெருமாளு."

அரத்தை எடுத்து அந்த மயிரிழையை அவனே ராவினான். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு எஞ்சினுக்குள் இறங்கியது. தண்ணீரை மூன்று தரம் வடிகட்டி ஊற்றிக் கரி மூட்டினான். சக்கரம் சுற்றியது. வாசலில் நின்ற லீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று அவள் தூங்கினாள். அப்புறம் அங்கே சத்தம் கேட்கவில்லை.

எஞ்சினைச் சிங்கவரத்திலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அடுத்த ஞாயிறு, ஷிப்டு முடிந்து வந்து படுத்தவனை மனைவி மங்கை உலுக்கி எழுப்பினாள்.

"தரையில இன்னா இது? யாரு வரைஞ்சது?"

சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கோடுகள். இரண்டு மடங்கு பெரிய எஞ்சின். அளவுகளெல்லாம் நைனாரின் கையெழுத்தில். சக்கரத்தின் வட்டம் மட்டும் முடியாமல் நின்றது.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு ஒரு விரற்கடை நீண்டது.