கருப்பு வயர்

கருப்பு வயரை ரமணன் இன்னும் மாட்டவே இல்லை. ஆனால் கடிகாரம் அவன் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய பிரிட்டிஷ் காரின் டாஷ்போர்டிலிருந்து கழற்றியது. பேட்டரியிலிருந்து சிவப்பு வயர் மட்டும்தான் வந்திருந்தது. கருப்பும் சேர்ந்தால்தான் கரண்ட் சுற்றி வரும். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் அது தெரியும். ரமணன் சிங்கப்பூர் தேக்காவில் பழம் தின்று கொட்டை போட்ட கார் எலக்ட்ரீஷியன். உதட்டைப் பிதுக்கினான். கை வியர்வை வழியாகக் கரண்ட் கசிகிறது, அவ்வளவுதான்.

காரை வாங்கிய சிவமணியை நினைத்தாலே அவனுக்கு இளப்பம். "அண்ணே, அந்தக் கடிகாரத்தத் தொட்டாலே நெஞ்சு ஒரு மாதிரி ஆகுது லா. கோயில்ல பூஜை போட்டுட்டு டெஸ்ட் பண்ணலாமே" என்று காலையில் கெஞ்சியிருந்தான். ஓட்டை வண்டி வாங்கத் தெரிந்தவனுக்கு மூளை மட்டும் கிடைக்கவில்லை போலும். "பயமா இருந்தா பஸ்ல போங்க" என்று விரட்டிவிட்டான் ரமணன்.

கீழே பூக்கடையின் மல்லிகை மணமும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மீன் பொரிக்கும் வாடையும் மாடிப்படி ஏறி வந்து சூடான ரப்பர் நெடியோடு கலந்து நிற்க, அந்த டிக் டிக் மட்டும் மின்விசிறியின் இரைச்சலையும் தெருவில் லாரி பின்வாங்கும் சத்தத்தையும் மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. எரிச்சலுடன் கடிகாரத்தை மேசையில் வைத்தான்.

நின்றது. அவன் நெஞ்சுக்குள்ளும் ஏதோ நின்றது.

மூச்சு வரவில்லை. கண் இருட்டியது. விரல்கள் தடவித் தடவிக் கடிகாரத்தைப் பற்றின. டிக். நெஞ்சு துடித்தது. டிக். துடித்தது.

"சுத்தப் பைத்தியக்காரத்தனம்" என்று முணுமுணுத்தான். கருப்பு வயரை முறைப்படி மாட்டினான். கையை எடுத்தான். கடிகாரம் அந்த வயரைச் சட்டையே செய்யவில்லை. மறுபடி அதே இருட்டு. பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாய்விட்டு அழ வேண்டும்போல் பயமாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம்.

"முடிஞ்சிடுச்சா அண்ணே?" சிவமணி உள்ளே வந்தான்.

எடுக்காதே என்று சொன்னால் போதும். உயிர் தங்கும். ஆனால் இவனிடமா? இந்தப் பயந்தாங்கொள்ளியிடமா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று? ரமணனின் உதடு பழக்கப்படி ஏளனமாகக் கோணியது. பயம் தெரியக்கூடாதென்று பிடியைத் தளர்த்தினான்.

"நல்லா ஓடுது" என்றான்.

சிவமணி எடுத்துக்கொண்டான்.

டிக் இல்லை.

ஆட்டிப் பார்த்தான். காதில் வைத்துப் பார்த்தான். ரமணன் பக்கம் திருப்பிக் காட்டினான்.

இம்முறை கண் இருட்டவில்லை. கடிகாரத்தின் கண்ணாடியில் ரமணனுக்குத் தன் முகம் தெரிந்தது. விழி அசையவில்லை. மூச்சில்லை. உதட்டில் அந்த ஏளனச் சிரிப்பு. அழிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"நின்னுபோச்சே... என்னண்ணே, இதுக்கும் சிரிக்கிறீங்க?"