நாகரிகப் பூட்டு

செவ்வாய்க் கிரகத்தின் குமரித்திட்டுக் குடியிருப்பில் காலை எழுந்ததும் மனிதர்களுக்கு முதல் வணக்கம் சொல்வது கழிவறைதான். ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்க முடியாத இடம். அதனால் உள்ளே விழுவதையெல்லாம் அது சலித்து, வடித்து, ஆராய்ந்து பார்த்துவிடும். நலமறி என்று அதற்குப் பெயர்; குடியிருப்பின் எல்லாக் கழிவறைகளுக்கும் அது ஒன்றுதான். முன்பெல்லாம் ஆராய்ந்ததை வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தது. "நேத்து கிழங்கு சரியா வேகல. இன்னிக்கு ரெண்டு தம்ளர் தண்ணி கூடக் குடிங்க" என்பதுபோல.

அதன் வாயை அடைத்தவள் மரகதவல்லி. காற்று வடிகட்டிப் பிரிவில் மேற்பார்வையாளர். இருபத்தாறு வயதிலிருந்து அவளுக்குக் குடல் அழற்சி நோய். சில மாதம் அடங்கிக் கிடக்கும், சில மாதம் ஆட்டிப் படைக்கும். பூமியிலேயே அதை மறைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருந்தாள். குடியேறிய மூன்றாம் மாதம் குடியிருப்புத் திட்டத் தலைவரும் அவர் மனைவி சுலோசனாவும் விருந்துக்கு வந்திருந்தபோது, கதவுக்கு உள்ளேயிருந்து நலமறி கணீரென்று சொன்னது: "மரகதம்மா, இன்னிக்கு இது ஏழாவது தடவை. ரத்தமும் கலந்திருக்கு."

விருந்தாளிகள் அப்பளத்தைச் சற்றுச் சத்தமாகவே நொறுக்கினார்கள். மரகதவல்லிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. கணவன் ஞானதாசன் அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவ்வளவு நல்லவன்.

மறுநாளே மனு எழுதினாள். குடியிருப்பின் நானூறு பேரும் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டார்கள். வேறெந்த மனுவுக்கும் அங்கே அப்படி நடந்ததில்லை. அன்றிலிருந்து நலமறிக்கு நாகரிகப் பூட்டு. கண்டதை யாரிடமும், மருத்துவரிடம்கூட, சொல்லாது. உரியவர் தன் வாயால் சொல்லச் சொன்னால்தான் சொல்லும். ஆறு வருடமாக ஒருவரும் சொல்லச் சொல்லவில்லை.

இப்போது மரகதவல்லிக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு மாதமாக நோய் மறுபடி தலைதூக்கியிருந்தது. அதுகூடப் பழகிப்போன தொல்லைதான். ஆனால் நான்கு நாளாக வடிகட்டி ஏணியில் ஏறும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ அழுத்தியது. அதற்குத்தான் பயந்துபோனாள். ஞானதாசனோடு மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே மருத்துவர் ஓர் இயந்திரம். ஊரில் எல்லோருக்கும் அது டாக்டரக்கா. மரகதவல்லியின் மார்பில் விரல் வைத்துப் பார்த்தது. ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, கொழுப்பு மற்றவர்கள் பொறாமைப்படும் அளவுக்குக் குறைவு.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா மரகதம்மா?"

பக்கத்து நாற்காலியில் சுலோசனா முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்தாள். காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"வேற ஒண்ணுமில்ல டாக்டரக்கா."

"அப்ப கேஸாத்தான் இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தது இயந்திரம்.

"எனக்கும் அப்படித்தான், வாய்வுத் தொல்லை" என்று சுலோசனா ஆறுதல் சொன்னாள்.

கேஸ் என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. வயிற்றுச் சங்கதிகளில் சபையில் சொல்லக்கூடியது அது ஒன்றுதானே.

வீடு திரும்பும் நடைவழியின் பாதியில் வலி தாடைக்கு ஏறி, இடது கைக்கு இறங்கியது. மரகதவல்லி சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். ஞானதாசன் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினான். படுக்கையில் கிடத்தியதும், எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினான்.

"டாக்டரக்கா, ரெண்டு மாசமா இவளுக்கு ரத்தம் போகுது! ஒரு நாளைக்குப் பத்துத் தடவ போறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா. கேட்டா சங்கடப்படுவாளேன்னு நானும் வாய மூடிட்டிருந்தேன்!"

மரகதவல்லி அந்த வலியிலும் அவனைப் பார்த்தாள். இத்தனை நாள் தனியாகத்தான் சுமந்துகொண்டிருந்தோம் என்று நினைத்திருந்தாளே! கண் நிறைந்துவிட்டது. சுலோசனா இன்னும் அங்கேயேதான் இருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

"நலமறி, எல்லாத்தையும் சொல்லு" என்றாள், மருத்துவமனைக் கழிவறைப் பக்கம் பார்த்து.

ஆறு வருடத்துச் சேதி ஒரே நொடியில் டாக்டரக்காவுக்கு வந்து சேர்ந்தது. குடலில் மூண்ட அழற்சி அங்கேயே நிற்பதில்லை. ரத்தத்தோடு ஓடி, நாளங்களின் உட்சுவரைப் புண்ணாக்கி, ரத்தத்தை உறைய வைக்கும். கொழுப்பு ஏறாதவர்களுக்கும் வயதாகாதவர்களுக்கும்கூட இதயத்தை அடைக்கும், அதுவும் நோய் மூண்டிருக்கும் மாதங்களில் கூடுதலாக. டாக்டரக்கா அடுத்த நிமிடமே மணலைவிடச் சின்னதான நூறு தூர்வாரி இயந்திரங்களை அவள் ரத்தத்தில் இறக்கியது. அவை இதயத்துக்குப் போய் அடைப்பைச் சுரண்டி எடுத்தன.

மூன்றாம் நாள் மரகதவல்லி எழுந்து கஞ்சி குடித்தாள். ஞானதாசன் பாத்திரம் கழுவப் போனதும் டாக்டரக்காவிடம் கேட்டாள்.

"நலமறிக்குப் பூட்டு போட்டது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா உங்க வாய்க்கு யாரும் பூட்டு போடலையே? நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கத்தான் நெனச்சேன். முகம் வெளுத்திருந்துச்சு, எடை குறைஞ்சிருந்துச்சு. கேள்வி தொண்ட வரைக்கும் வந்துடுச்சு."

"அப்புறம் என்ன?"

"நான் வைத்தியம் படிச்சது பூமியில அந்தக் காலத்து டாக்டருங்க நோயாளிங்களோட பேசின ஒரு கோடிப் பதிவைக் கேட்டு. பேச்சு இந்த எடத்துக்கு வந்ததும் டாக்டர் குனிஞ்சு சீட்டு எழுத ஆரம்பிச்சிடுவார். நோயாளி சுவத்துல தொங்குற காலண்டரப் பாப்பார். கூட வந்தவங்க செருப்பத் தேடுவாங்க. ஒரு கோடித் தடவையும் இப்படித்தான். இதயத்தப் பத்திப் பேசினா வைத்தியம், குடலப் பத்திப் பேசினா அசிங்கம்னு நானும் கத்துக்கிட்டேன்."

இயந்திரம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

"எனக்கும் கூச்சமா இருந்துச்சு மரகதம்மா."