ஏற்கெனவே தேடிய இடங்கள்

வெறுமையாக்கிய அட்டவணையில் ஏதோ இருந்தது.

யதுர்ஷிகா கண்ணைக் கசக்கிக்கொண்டு மடிக்கணினியை மறுபடி பார்த்தாள். காலை பத்தரை. உடையார்கட்டுக் கிராமத்து வெயிலில் தகரக் கூரை படபடத்துக்கொண்டிருந்தது, குசினியிலிருந்து அடிப்பிடித்த பாலின் நாற்றம் வந்தது, முற்றத்தில் அம்மா அமராவதி கோப்பும் குடையுமாகச் செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. முல்லைத்தீவில் ஏதோ விசாரணையாம். போர் முடிவில் காணாமற்போன அண்ணன் பிரதாபனைத் தேடி அம்மா படியேறாத அரசாங்கக் கந்தோர் இல்லை.

யதுர்ஷிகா கம்பஸ் கடைசி வருடப் படிப்புக்கு எழுதுவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல். பலகையின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு. தேடி முடித்த நிலையின் விடை அந்த எண்ணோடு அட்டவணையில் ஏறும். வேறு வழியாக அதே நிலை வந்தால் நிரல் திரும்பத் தேடாது. பழைய விடையை எடுத்துக்கொண்டு அந்தக் கிளையை வெட்டிவிடும். அந்த எண்களைக் கட்ட, ஒழுங்கே இல்லாத இலக்கங்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். கணினியே தரும்தான். இவளுக்குத்தான் கொழுப்பு. அம்மாவின் கோப்பைத் திறந்து முகாம் இலக்கம், கூடார இலக்கம், முறைப்பாட்டு இலக்கம் என்று பதினேழு வருடத்தையும் உள்ளே ஏற்றிவிட்டாள். இவற்றைவிட ஒழுங்கு கெட்டவை எங்கே கிடைக்கும்?

இப்போது ஆட்டம் தொடங்கும் முன்பே, முதல் நகர்த்தலுக்கு நேரே திரையில் எழுதியிருந்தது: ஏற்கெனவே தேடியது. தோல்வி.

"போட்டு வாறன் பிள்ளை."

வாசல் படலை கிறீச்சிட்டது. உடனே மறுபடியும் கிறீச்சிட்டது.

"என்னம்மா, பஸ்ஸை விட்டிட்டியளோ?"

"போனனான். அங்கை பாத்தாச்சு. ஒருத்தரும் இல்லை."

சேலைக் கரையிலிருந்து முழங்கால் வரை செம்மண் தூசி. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையில் இரண்டாவது நகர்த்தலும் வெட்டுப்பட்டிருந்தது.

படலை.

"அங்கையும் பாத்தாச்சு."

மூன்றாவது.

சதுரங்கத்தில் முதல் நகர்த்தல்கள் இருபது. அவள் இலக்கங்களை அழித்தாள். நிரலை நிறுத்தினாள். மின்கலத்தையே கழற்றினாள். திரை அணையவில்லை. படலை திறந்தது, மூடியது. ஒன்பது. பதினான்கு. ஒவ்வொரு முறையும் அம்மாவின் குரலில் கொஞ்சம் ஈரம் குறைந்தது.

பத்தொன்பது.

இருபதாவது முறை படலைச் சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் வீட்டுக்குள். குசினி. விறாந்தை. அறை வாசல்.

அம்மாவின் கண்கள் அலுமாரியில் போயின. கட்டிலில். யதுர்ஷிகா இருந்த கதிரையில். அங்கே நிற்கவில்லை.

"அம்மா, நான் இருக்கிறன்."

"இங்கையும் பாத்தாச்சு," என்றாள் அம்மா. "ஒருத்தரும் இல்லை."

கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழுந்தது.

யதுர்ஷிகா யன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். முற்றத்து வெயிலில் அம்மா நிமிரவேயில்லை. மடியில் கோப்பை விரித்துவைத்து, அண்ணனின் மங்கிய படத்துக்குப் பக்கத்தில், கம்பஸ் அடையாள அட்டைக்கு எடுத்த யதுர்ஷிகாவின் படத்தை ஊசியால் குத்திச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.