மேல்தோற்றம் மட்டும்

கழுத்து நரம்பு சுண்டிச் சுண்டி இழுத்தது. காலையிலிருந்து குனிந்தே கிடந்தால் எந்தக் கழுத்துதான் பொறுக்கும்? மூலையில் நின்று பார்த்தாற்போல் வரைந்து வரும் ஐசோமெட்ரிக் படத்தைப் பிரித்து, முன்னால், மேலே, பக்கவாட்டில் என்று மூன்று தோற்றங்களாகப் போடுவது அவள் வேலை. அந்த இரும்புப் பட்டறையில் சேர்ந்து இரண்டு மாதம். மூன்றாவது மாதமும் ஒழுங்காகப் போனால்தான் நிரந்தரம். அதை நம்பி வீட்டில் அம்மா, அக்கா, அக்காவின் கைக்குழந்தை...

கழுத்தைப் பிடித்தபடி இரும்புப் படியில் இறங்கினாள். திருப்பத்தில், எதிரே ஏறி வந்தவன்மேல் முட்டிக்கொண்டாள்.

“கண்ணை எங்க வச்சுட்டு வர்றீங்க?”

“நீங்க இரும்பைத் தூக்கிட்டு ஓடி வருவீங்கன்னு என் கண்ணுக்குச் சொல்லி அனுப்பினீங்களா?”

வெல்டர். தீப்பொறி தின்ற சட்டை. சிவந்து கிடந்த கண்கள்... அந்தச் சிவப்புக்கு நடுவே அப்படியொரு கருமை! அந்தக் கண்களும் அவள் முகத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டு, கூச்சப்பட்டுக் கீழே இறங்கின.

“டிராயிங் போட்ட மேடம் நீங்கதானா? இந்த பிராக்கெட்டுக்குக் காது மாதிரி நீட்டிட்டு நிக்கிற தகடு எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“போச்சு. நாப்பது பீஸுக்கும் இடது பக்கம் பத்த வச்சாச்சு.”

“சைடு வியூவை வலது பக்கம்தானே போட்டிருக்கேன்? தெரியலையா?”

“இங்க வலது பக்கம் போட்டா, இடது பக்கம் நின்னு பாத்ததுன்னு அர்த்தம். நாங்க அப்படித்தான் படிப்போம்.”

“நான் படிச்ச இடத்துல வலதுன்னா வலதுதான்!”

“அப்ப எந்த முறைன்னு மூலையில அந்தக் கூம்புக் குறியைப் போட்டிருக்கணும்ல?”

போடவில்லை. அதற்குள் சத்தம் கேட்டு மேலாளர் வந்துவிட்டார். படத்தை விரித்துப் பார்க்கப் பொறுமையில்லாத மனிதர்.

“யார் பண்ணின தப்பு?”

அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் அவளை ஒருமுறை பார்த்தான்.

“நான்தான் சார். மாத்திப் படிச்சுட்டேன்.”

மறுநாளே வெல்டிங்கைப் பிடுங்கிக்கொண்டு அவனைக் கிடங்கு வாசலுக்குத் துரத்தினார்கள். லாரியிலிருந்து இரும்பு இறக்கும் வேலை.

அவள் மேசை ஜன்னலோரம். குனிந்தால் அவன் தெரிவான். உச்சந்தலை, இரண்டு தோள், குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். அவ்வளவுதான். மேல்தோற்றம் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளை முழுசாகப் போட முடியாது என்பது அவள் படித்த முதல் பாடம். மனசு கேட்டால்தானே? அந்தக் கண்ணை, படியில் வந்த அந்தக் கோபத்தை, சட்டத்தின் அடியில் தோல் உரிந்திருக்கும் தோளை... தினமும் போட்டுப் போட்டு அழித்தாள். ‘ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பாரேன்...’ அவன் பார்க்கவேயில்லை. ‘ரோஷக்காரன்கிட்ட நான் மட்டும் எதுக்கு வலியப் போய்ப் பேசணும்?’ என்று இவளும் வீம்பாக இருந்தாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. நனைந்த முதுகோடு அவன் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்குவது தெரிந்தது. வீம்பாவது ஒன்றாவது! தடதடவென்று இறங்கி ஓடினாள்.

“ஏன் அன்னைக்குப் பொய் சொன்னீங்க?”

“முழுப் பொய் இல்லைங்க. முதல் பீஸ்லயே சந்தேகம் தட்டுச்சு. மேல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேத்து வந்த பொண்ணுகிட்டப் போய் நிக்கறதான்னு... கொழுப்பு.”

“என்னோட தப்பை நீங்க எதுக்குச் சுமக்கணும்?”

“வாயடைச்சுப் போய் நின்னீங்க. பாக்க முடியலை.”

மழை தகரத்தில் அறைந்தது. அவன் இமையில் ஒரு துளி விழவா வேண்டாமா என்று தொங்கியது.

“தினமும் உங்களை மேல இருந்து பாக்கறேன்... உச்சந்தலைதான் தெரியுது.”

“ஐயையோ, அங்கதான் முடி கொட்டுது!”

சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

“ஜன்னலை ஏன் ஒரு தடவைகூடப் பாக்கலை?”

“பாத்தா... தோள்ல இருக்கறது கால்ல விழுந்துடும்.”

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. தப்பு என்னுது. ரெண்டையும் சேர்த்தே சொல்லிடறேன்.”

அவன் இமையில் தொங்கிய துளியைத் துடைத்தான். பிறகு மெல்ல, “எனக்குப் படியிலயே பிடிச்சுப் போச்சு...” என்றான். “மேலாளர்கிட்டப் போய் எதையும் உளறாதீங்க. வேலை போயிடும். அக்கா குழந்தைக்குப் பால் யாரு வாங்குவா?”

வீட்டுக் கதைவரை யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறான்!

“போனா போகட்டும்” என்றாள். சொல்லிவிட்டு மேலாளர் அறை இருந்த பக்கம் திரும்பினாள்.

ஆனால் அவர் அன்றைக்கு மத்தியானமே கிளம்பிவிட்டிருந்தார். “குறியைப் போடாதது நான், சார்.” அவர் முன்னால் நின்று சொல்லவேண்டிய அந்த ஒரு வாக்கியம், அவனுக்கு அவள் இன்னும் தீர்க்காத கடன்.