காற்றடித்தால் ஆறாம் மாடி

“ஏங்க... காத்தடிச்சா இவ்ளோ பெரிய கட்டடமே ஆடும்னு சொன்னா நம்புவீங்களா?”

முதல் சந்திப்பிலேயே இளவரசு இப்படிக் கேட்டதும், ஜெயராணி துடைப்பத்தோடு பின்வாங்கினாள்.

கடலூர்க் கடற்கரையோரம் புதிதாக எழுந்த பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. அவள் அப்பா லூர்துசாமி அங்கே வாட்ச்மேன். அவள் தரைத்தளத்தைப் பெருக்குபவள். லிப்ட் போகும் சுவருக்குள் ‘டப்... டப்...’ என்று சத்தம். பேய் என்று எல்லோரும் பயந்தபோதுதான், சிதம்பரத்திலிருந்து மழையில் நனைந்தபடி வந்து நின்றான் இந்த மெக்கானிக். புருவத்தில் தங்கிய மழைத்துளி... அதன் கீழே சிரிக்கும் கண்கள்...

“அப்ப நாங்கல்லாம் ஊஞ்சல்லயா குடியிருக்கோம்?”

“ஆமாங்க. லிப்ட் கீழ நின்னா மேல இரும்புக் கயிறு நீளமா தொங்குது. கட்டடத்தோட சேந்து ஆடி செவுத்துல அடிக்குது. காத்து ஜாஸ்தியானா லிப்டை ஆறாம் மாடியில நிறுத்திடுங்க. கயிறு பாதியாயிடும், ஆட்டமும் நின்னுடும்.”

“பேய் இல்லியா?”

“இருந்திருந்தாலும் உங்க துடைப்பத்தப் பாத்து ஓடிருக்கும்.”

கோபம் வந்தது. கூடவே பாழாய்ப்போன வெட்கமும்...

அவன் சொன்னபடி செய்ததும் சத்தம் நின்றது. அவன் வருவதும் நின்றது.

அடுத்த காற்றுக்கு மறுபடி டப்... டப்... அவன் வந்தான். அதற்கடுத்த காற்றுக்கும் வந்தான். அவள் டீ கொடுத்தாள். டம்ளரைவிட அவளையே அதிகம் பார்த்தான்.

கடைசியில் லூர்துசாமி பொறுமை இழந்தார்.

“இன்னா தம்பி வேல பாக்குற? கம்பெனிக்குப் போன் போட்டு வேற ஆள அனுப்பச் சொல்றேன்!”

இளவரசுவின் முகம் சுண்டிப்போனது. “பேசுங்கய்யா. என் வேலை போனாலும் பரவால்ல. இனிமே நான் வரல.”

பையைத் தோளில் மாட்டினான். இப்போது டப் டப் என்றது ஜெயராணியின் நெஞ்சு.

“அப்பா... போன் போடாதீங்க. அவுரு மேல தப்பில்ல. காத்தடிக்கறப்பல்லாம் நான்தான் லிப்டை கீழ வரவச்சி நிறுத்துனேன்.”

“எதுக்குடி?”

தரையைப் பார்த்தாள். “சத்தம் வந்தாத்தான... அவுரு வருவாரு.”

பை தோளிலிருந்து நழுவியது.

“அடிப்பாவி... இதுக்கா ஒவ்வொரு போல்ட்டா கழட்டி மாட்டுனேன்! சும்மா கூப்ட்டிருந்தாலே வந்திருப்பேனே... பண்ருட்டி மெக்கானிக் பாக்க வேண்டிய கட்டடம் இது. நான்தான் போவேன்னு சண்டை போட்டு வந்துக்கிட்டிருக்கேன்!”

லூர்துசாமி மகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். லிப்ட் கதவு திறந்தேதான் இருந்தது... ஆனாலும் அவர் படிக்கட்டில் ஏறிப் போனார்.